நெகட்டிவின் முதுகில் வரைந்த மேகம்

1857 டிசம்பரில் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயக் கேப்டன் பெங்களூரிலிருந்து கிளம்பித் தெற்கே இறங்கினார். மாட்டு வண்டிகளில் ஒரு பெரிய மரக் கேமரா, மெழுகேற்றிய காகிதத் தாள்கள், வெள்ளி உப்புக் கரைசல் புட்டிகள், கழுவுவதற்கான தட்டுகள். வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்காத நேரம். இவருக்குச் சண்டையில் வேலை இல்லை. மதராஸ் மாகாணத்தின் அரசாங்கப் புகைப்படக்காரர் என்ற பதவியில் இருந்தார். சேலம், திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றிக்கொண்டு 1858 ஏப்ரல் கடைசியில் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அந்த வருசமே படங்கள் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. அதில் ஒன்று இராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் பிற இடங்களும் பற்றியது. குறிப்புகள் எழுதியவர் ஜே.ஏ.சி. பாஸ்வெல். பிற்பாடு நெல்லூர் ஜில்லா மேனுவலை எழுதினாரே, அதே ஆள்தான்.

அன்றைய சேலம் ஜில்லா ரொம்பப் பெரியது. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களோடு, நாமகிரிப்பேட்டை, இராசிபுரம், நாமக்கல் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். ஆக, எங்கள் வட்டாரத்தை முறையாகப் படம்பிடித்துப் புத்தகமாக்கிய முதல் முயற்சிகளில் ஒன்று டிரைப்புடையது என்று சொல்லலாம்.

அந்தப் படங்களின் வானத்தில் மேகங்கள் இருக்கின்றன. அவற்றில் பல, எந்த நாளும் அந்த வானத்தில் இருந்தவை அல்ல. டிரைப் தூரிகையால் வரைந்தவை.

இன்று கைபேசியில் ஒரு படத்தைத் தடவி வெளிறிய வானத்தை நீலமாக்குகிறோம். "எடிட் பண்ணிட்டியா?" என்று கேட்டால் கொஞ்சம் கூச்சத்தோடு சிரிக்கிறோம். ஏதோ கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் படங்கள் கெட்டுப்போன மாதிரி ஒரு பேச்சு இருக்கிறது. அதற்கு முன்னால் கேமரா பார்த்ததைப் பார்த்தபடி சொன்னதாம். இந்த எண்ணத்தோடு டிரைப்பின் நெகட்டிவைப் பார்த்தால் சிக்கல்தான். தமிழ்நாட்டின் பயணப் புகைப்படம் பிறந்ததே திருத்தத்தோடுதான்.

*

அவர் ஏன் மேகம் வரைந்தார் என்று புரிய, அந்தக் காலத்துக் காகிதம் எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளி அயோடைடு பூசிய காகிதத்துக்கு நீல ஒளியும் புற ஊதாவும் நன்றாக உறைக்கும். பச்சையும் மஞ்சளும் சிவப்பும் அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு. வானம் நீலம் என்பதால் ஒரு நிமிசத்தில் வெந்து கருகிவிடும். அச்சில் அது வெறும் வெள்ளையாக வரும். மரமோ பச்சை. எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் நெகட்டிவில் பதியாது, அச்சில் கரி பூசினாற்போல் நிற்கும். தென்னந்தோப்பு ஒன்றை எடுத்தால் வெள்ளைச் சுவரில் ஒட்டிய கரும்பேப்பர் மாதிரி இருக்கும். போதாக்குறைக்கு, வெந்து கறுத்த அந்த வானப் பகுதியில்தான் காகித நாரின் திட்டுகளும் ரசாயனக் கறைகளும் எடுப்பாகத் தெரியும். அதனால் பலர் வானம் முழுவதையும் பின்பக்கத்தில் கறுப்பு மையால் அடைத்துவிடுவார்கள். அச்சில் சுத்தமான வெள்ளை விழும். வெறிச்சோடிய வெள்ளை.

டிரைப்புக்கு அது பிடிக்கவில்லை. நெகட்டிவைத் திருப்பி, அதன் முதுகில் வண்ணக்கலவையைத் தொட்டுத் தொட்டு வைத்தார். நெகட்டிவில் எங்கே மை கூடுகிறதோ அங்கே அச்சில் வெளுக்கும். இப்படி மேகத்தின் ஓரங்களைக் கட்டினார். மரங்களின் கரிய பரப்பில் புள்ளி புள்ளியாக வைத்து, வெயில் பட்ட இலை போல வெளிச்சம் ஏற்றினார். பார்க்கிறவருக்குக் கை வைத்தது தெரியாது. பர்மாவுக்கு 1855இல் தூதுக்குழுவோடு போய் எடுத்த படங்களிலேயே இந்த வேலையை ஆரம்பித்துவிட்டார்.

இதை ஏமாற்று என்பதா? மரத்தில் இலை இருந்தது, இலையில் வெயிலும் விழுந்தது. கண் பார்த்தது, காகிதம் பார்க்கவில்லை. காகிதத்தின் குருட்டுத்தனத்தைக் கை சரி செய்தது. அதுவரை சரி. மேகம் அப்படியில்லை. அன்றைக்கு மேகமே இல்லாத மொட்டை வானமாக இருந்திருக்கலாம். மார்கழி, தை மாசத்தில் சேலத்துக் காலை வானம் எப்படியிருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இலைக்கு வெளிச்சம் கொடுத்ததும் மேகம் வரைந்ததும் ஒரே தூரிகை, ஒரே மை. ஆனால் ஒரே காரியம் இல்லை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதிக் கதையைப் பார்க்க முடியும்.

*

டிரைப்புக்கு 65 வருசம் முன்னால் இதே இராயக்கோட்டைப் பாறையை வேறு இரண்டு பேர் பார்த்தார்கள். தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியலும். 1792இல் திப்பு சுல்தானோடு ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தம் ஆகி, பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்த கையோடு இந்தப் பக்கம் வந்தார்கள். கேமரா அப்ஸ்கூரா என்ற இருட்டுப் பெட்டியில் விழும் பிம்பத்தைப் பார்த்துக் கோடு இழுப்பது அவர்கள் வழக்கம். லண்டனுக்குத் திரும்பிய பிறகு அக்வாடின்ட் முறையில் செதுக்கி அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டி விற்றார்கள். 1795 முதல் 1808 வரை வெளிவந்த அந்தத் தொகுப்பில் மொத்தம் 144 படங்கள். இராயக்கோட்டை உண்டு, ஜகதேவி உண்டு.

அந்தக் காலத்து ஆங்கிலேயப் பயணிகளுக்கு "பிக்சரஸ்க்" என்று ஒரு பித்து இருந்தது. வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் அதற்கு இலக்கணமே எழுதி வைத்திருந்தார். இயற்கை கொடுக்கிற காட்சி அப்படியே ஓவியமாகாது, ஒரு மரத்தைத் தள்ளி வைப்பதும் ஒரு மேட்டைக் குறைப்பதும் ஓவியனின் உரிமை என்பது அதன் சாரம். முன்னால் கொஞ்சம் இருட்டு, நடுவில் வெளிச்சம், தூரத்தில் மங்கல், ஓரத்தில் ஒரு மரம், கீழே அளவு காட்ட நாலு மனிதர்கள். இந்தச் சட்டகத்துக்குள் எந்த ஊரையும் பொருத்திவிடலாம்.

டிரைப்பின் கண்ணில் இந்த இலக்கணம் ஊறியிருந்தது. அவர் வாங்கிய சம்பளத்தின் நோக்கம் வேறு. இடிந்து போவதற்குள் கட்டிடங்களைப் பதிவு செய்து வை என்றுதான் கம்பெனி அனுப்பியது. பட்டாளத்து ஆள் என்பதால் அதை ஒழுங்காகவும் செய்தார். மதுரையில் திருமலை நாயக்கர் மகால் பாழடைந்து கிடந்த நிலையை அவர் படங்கள் காட்டுகின்றன. பிறகு நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோது அதைப் பழுதுபார்த்தார்கள். அந்தப் பழுதுக்கு முந்தைய மகாலை இன்று நாம் பார்க்க முடிவது இந்த மாதிரிப் படங்களால்தான். முடிவடையாத இராயகோபுரத்தின் தூண்கள், புதுமண்டபத்துச் சிற்பங்கள் எல்லாமே அப்படித்தான். ஆவணமும் அழகும் ஒரே தாளில் குடித்தனம் நடத்தின. முன்பக்கத்தில் வெளிச்சம் எழுதியது, பின்பக்கத்தில் ஆள் எழுதினார்.

*

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் அவர் செய்த காரியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் ஓடுகின்றன. அதைப் படமாக எடுக்க ஒரு தாள் போதாது. டிரைப் நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். இன்று கைபேசியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினால் கிடைக்கிற "பனோரமா"வின் தாத்தா அது. ஒரு இடத்தில் நின்று திரும்பாமல், சுவரோடு சேர்ந்து நடந்து எடுத்தது என்பதால், தாத்தாவுக்கு வேலை அதிகம். ஒவ்வொரு தாளிலும் கேமராவுக்கும் சுவருக்கும் ஒரே தூரம் இருக்க வேண்டும். ஒவ்வொரு தாளும் ஒரே அளவு வேக வேண்டும். விளிம்புகள் பொருந்த வேண்டும்.

இதுவும் கூட்டி ஒட்டியதுதான். கேமரா ஒரே பார்வையில் பார்க்காத ஒன்று. ஆனால் இதில் இல்லாத எழுத்து ஒன்றுகூடச் சேரவில்லை. பின்னாளில் ஹுல்ஷ் தஞ்சைக் கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பதிப்பித்தார். அதற்கு முப்பது வருசத்துக்கு மேல் முன்னாலேயே, அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத ஒருவர், படிக்கத் தெரிந்த யாரோ ஒருவருக்காக அதைப் பிடித்து வைத்தார். திருத்தத்தின் ஆகச் சிறந்த உபயோகம் இது. பார்க்கிறவருக்கு இன்னும் கூடுதலாகத் தெரிவதற்கான திருத்தம்.

அடுத்த வருசமே எல்லாம் முடிந்தது. 1859இல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவிலியன், கஜானா இருக்கிற நிலையில் இந்த ஆடம்பரம் கட்டுப்படியாகாது என்று கடையைச் சாத்தச் சொன்னார். டிரைப் அதற்குப் பிறகு பெரிதாகப் படம் எடுக்கவில்லை. ஊருக்குப் போய் 1902இல் இறந்தார். அவரிடம் உதவியாளராக இருந்த அய்யாசாமி என்ற நம்மூர்க்காரர் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் புகைப்படம் கற்றுக்கொடுக்கப் போனார். வெள்ளைக்கார அதிகாரியின் வண்டியிலிருந்து அந்த வித்தை இறங்கி நம் தெருவுக்கு வந்த வழிகளில் இதுவும் ஒன்று.

*

ரசாயனம் மெல்ல மெல்லக் கண் திறந்தது. 1873இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானியர், பூச்சில் சாயம் சேர்த்தால் பச்சையும் பதியும் என்று கண்டுபிடித்தார். மரங்கள் கரி நிறத்திலிருந்து விடுபட்டன. கண்ணாடித் தகடு போய் ஃபிலிம் வந்தது. ஆனால் தூரிகை போகவில்லை. பென்சிலாக மாறி ஸ்டூடியோவுக்குள் உட்கார்ந்தது.

நாற்பது வயசு தாண்டியவர்களுக்கு "டச்சிங்" என்ற வார்த்தை ஞாபகம் இருக்கும. சிறு நகரத்து ஸ்டூடியோவில் சாய்வான மேசை ஒன்று இருக்கும். நடுவில் பால் கண்ணாடி, கீழே வெளிச்சத்தை மேலே திருப்ப ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. நெகட்டிவில் ஒருவிதப் பிசினைத் துணியால் தடவினால் பென்சில் பிடிக்கும். ஊசி போலச் சீவிய பென்சிலால் கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பு வளையத்தில் சின்னச் சின்னக் கோடு வைப்பார் டச்சிங்காரர். அச்சில் வளையம் மறையும். கருக்க வேண்டிய இடத்தைக் கத்தி முனையால் சுரண்டுவார். அம்மைத் தழும்பு முகங்கள் நிறைய இருந்த காலம். பெண் பார்க்க அனுப்பும் போட்டோவில் அந்தத் தழும்பு இருந்ததா, மறைந்ததா என்பது விளையாட்டு இல்லை. ஒரு கல்யாணமே அதில் தொங்கியது. அந்தப் பென்சிலுக்குக் கருணையும் உண்டு, பொய்யும் உண்டு.

அதே ஸ்டூடியோவில்தான் நம் ஜனங்கள் பயணமும் போனார்கள். பின்னால் தொங்கும் படுதாவில் ஊட்டிப் பூங்கா, தாஜ்மகால், படிக்கட்டு வைத்த மாளிகை. திருவிழாக் கடையில் அட்டையில் வெட்டிய விமானமும் பிறை நிலாவும். அஞ்சு ரூபாயில் குடும்பமே ஆகாயத்தில் உட்கார்ந்துவிட்டு இறங்கும். இதையெல்லாம் பார்த்து யாரும் ஏமாறவில்லை. "டெல்லிக்கா போனீங்க?" என்று யாரும் கேட்கவும் இல்லை. படுதா படுதாதான் என்பது எடுத்தவருக்கும் தெரியும், பார்த்தவருக்கும் தெரியும். நாடகக் கம்பெனிக்குத் திரை வரைந்துகொண்டிருந்த கொண்டையராஜு (1898–1976) கோவில்பட்டியில் தங்கிப் பின்னால் காலண்டர் சாமிகளின் ஓவியரானார். மேடைத் திரை, ஸ்டூடியோ படுதா, காலண்டர் மலை மூன்றும் ஒரே குடும்பம். இன்று கல்யாண ஃப்ளெக்ஸில் மாப்பிள்ளை பொண்ணுக்குப் பின்னால் நிற்கிறதே பனிமலை, அது அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளை.

நிஜமாகவே போனவர்களும் இருந்தார்கள். ஏ.கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். காந்தி பற்றிய ஆவணப் படத்துக்காக உலகமெங்கும் அலைந்து, யார் யாரோ எடுத்து வைத்த துண்டுகளைத் தேடிச் சேர்த்து 1940இல் வெளியிட்டார். இருந்ததை இருந்த இடத்தில் போய்ப் பார்த்து, கொண்டுவந்து காட்டு என்ற மரபு அது. படுதா மரபும் செட்டியார் மரபும் அருகருகே சண்டையில்லாமல் இருந்தன. எது எந்த மரபு என்று பார்த்த உடனே தெரிந்ததால் சண்டை வரவில்லை.

*

அந்தத் தெளிவு கலைந்தது கம்ப்யூட்டரில். அதுவும் ஒரு பயணப் படத்திலேயே.

1982 பிப்ரவரி நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் கீசா பிரமிடுகள். எடுத்தது அகலவாக்கில், அட்டையோ நெட்டுவாக்கு. கணினியில் பிரமிடுகளைக் கொஞ்சம் நெருக்கி வைத்துவிட்டார்கள். நாலாயிரம் வருசமாக அசையாததை ஒரு அட்டைக்காக அசைத்தார்கள். ஒரு வரைபடத்திலோ ஓவியத்திலோ செய்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். டேனியல் செய்யாததா? ஆனால் இது புகைப்படம், அதுவும் "உள்ளது உள்ளபடி" என்று பேர் வாங்கிய பத்திரிகையில். பெரிய கண்டனம் வந்தது.

1987இல் ஜான் நோல் என்பவர் போரா போரா தீவுக் கடற்கரையில் தன் காதலி ஜெனிஃபர் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பதை ஒரு படம் எடுத்தார். அவரும் அண்ணன் தாமஸும் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதைக் காட்ட ஒரு படம் வேண்டுமே என்று அந்த உல்லாசப் பயணப் படத்தையே ஸ்கேன் செய்து போகுமிடமெல்லாம் எடுத்துப் போனார். தீவை இரண்டாக்கிக் காட்டினார், ஜெனிஃபரையும் இரண்டாக்கினார். 1990 பிப்ரவரியில் அது ஃபோட்டோஷாப் என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஆக, உலகம் முதலில் பார்த்த ஃபோட்டோஷாப் வேலையே டூர் போன இடத்தில் எடுத்த படம்தான். நம்மூர் டிடிபி சென்டர்களில் அந்த மென்பொருள் திறக்கும்போது ஓடும் பெயர்ப் பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் பார்த்துப் "பார்றா, நம்ம ஆளு" என்று மகிழாதவர்கள் குறைவு.

2016இல் ஸ்டீவ் மெக்கரி விவகாரம். இந்தியாவின் தெருக்களையும் மழையையும் உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர். இத்தாலியில் ஒரு கண்காட்சியில் அவருடைய கியூபா படத்தில் ஒரு கம்பம் பாதியில் அறுந்து, யாரோ ஒருவர் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அவசரத்தில் செய்த குளோனிங். அதைப் பார்த்தவர்கள் பழைய படங்களையும் தோண்டினார்கள். நம் துணைக்கண்டத்துப் படங்களிலும் சட்டகத்துக்கு இடைஞ்சலான ஆட்கள் காணாமல் போயிருந்தார்கள். தான் செய்தியாளன் இல்லை, காட்சியால் கதை சொல்கிறவன் என்கிற மாதிரி அவர் விளக்கம் சொன்னார். விளக்கத்தை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். என்னைத் தொந்தரவு செய்வது வேறு. மழையில் வண்டி இழுத்துப் போன ஒருவருக்குப் பின்னால் இன்னொருவர் நின்றார். அவரும் நனைந்தார். சட்டகம் அழகாக வேண்டும் என்பதற்காக அவர் அங்கே இல்லாதவரானார். கில்பினின் இலக்கணத்தில் மரத்தைத் தள்ளினார்கள். இங்கே மனுசன்.

*

இப்போது எங்கள் ஊர்ப்பக்கம் வருவோம். நாமகிரிப்பேட்டை என்றால் வெளியே இரண்டு விசயம் தெரியும். ஒன்று நாதஸ்வரம் கிருஷ்ணன். இன்னொன்று மஞ்சள். தை பிறந்தால் தோண்டுவார்கள், வேக வைப்பார்கள், களத்தில் காயப் போடுவார்கள். விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்து ஏலத்துக்குப் போகும். தெற்கே எழுந்து நிற்கும் கொல்லிமலை. சனி, ஞாயிறானால் ஆகாயகங்கைக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் போகிற வண்டிகளில் ஆளுக்கு ஒரு கேமரா.

மஞ்சள் களத்தைக் கைபேசியில் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தகதகவென்று இருப்பது படத்தில் சோகை பிடித்தாற்போல் வரும். காரணம் இருக்கிறது. சட்டகம் முழுக்க மஞ்சளாக இருந்தால், வெளிச்சமே மஞ்சளாக இருக்கிறது போல என்று கேமராவின் தானியங்கி வெண்சமன் நினைத்துக்கொண்டு நீலத்தை ஏற்றிச் சமன் செய்துவிடும். பதினெட்டு அம்ச கேமராவாக இருந்தாலும் அதே கதைதான். ஓரத்தில் கிடக்கும் வெள்ளை வேட்டியையோ சாம்பல் கல்லையோ ஆதாரமாகத் தொட்டு வெண்சமனைத் திருத்தினால், மஞ்சள் மஞ்சளாகும். இது பொய் இல்லை. காகிதத்துக்கு இலை தெரியாதது மாதிரி, கேமராவுக்குக் களம் தெரியவில்லை. நாம் சொல்லிக்கொடுக்கிறோம்.

வானமும் அப்படியே. 1857இல் காகிதத்துக்குப் பச்சை தெரியாது. இன்றைய உணரியில் பாதிக் கண்கள் பச்சைக்கு என்றே ஒதுக்கியவை. கோடாக் நிறுவனத்து பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு அது. இருந்தும், மலை உச்சியில் நின்று பள்ளத்தாக்கை எடுத்தால் வானம் வெளிறும், இல்லாவிட்டால் காடு கருகும். மனுசக் கண் சமாளிக்கிற அளவு வெளிச்ச வேறுபாட்டை எந்தப் பெட்டியும் ஒரே மூச்சில் சமாளிப்பதில்லை. அதனால் கைபேசி நம்மைக் கேட்காமலே அடுத்தடுத்துச் சில படங்கள் எடுத்து, ஒன்றிலிருந்து வானத்தையும் இன்னொன்றிலிருந்து காட்டையும் சேர்க்கிறது. பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே 1850களில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் வைத்து அச்சடித்த அதே யுக்தி. ஆகவே "நான் எடிட்டே பண்றதில்லீங்க" என்று இன்று யாரும் சொல்ல முடியாது. பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் பெட்டி பண்ணிவிடுகிறது.

அப்புறம் எங்கேதான் கோடு போடுவது? எங்கள் ஊரில் அதற்குப் பதில் மஞ்சளிலேயே இருக்கிறது.

காய்ந்த மஞ்சள் பார்க்க நன்றாக இருக்காது. சொரசொரப்பாக, வேர்முடியும் செதிலுமாக, மண் நிறத்தில் இருக்கும். அதை டிரம்மில் போட்டுச் சுற்றிப் பாலிஷ் போடுவார்கள். மேல் செதில் உதிர்ந்து உள்நிறம் வெளியே வரும். கடைசிச் சுற்றில் மஞ்சள்பொடியையே தூவுவதும் உண்டு. வியாபாரிக்குத் தெரியும், விவசாயிக்குத் தெரியும், பாலிஷ் போட்டது, போடாதது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். யாரும் இதைத் தப்பு என்பதில்லை. மெருகு.

வங்கதேசத்தில் வேறொன்று நடந்தது. 1980களில் பெருவெள்ளம் வந்து மஞ்சள் நனைந்து நிறம் மங்கியது. மங்கிய மஞ்சளை விற்க ஈயக் குரோமேட் என்ற சாயத்தைப் பாலிஷில் சேர்க்க ஆரம்பித்தார்கள். நல்ல பளீர் மஞ்சள். வெள்ளம் போன பிறகும் பழக்கம் போகவில்லை, ஏனென்றால் வாங்குகிறவர்களின் கண் அந்தப் பளீருக்குப் பழகிவிட்டது. நிஜ மஞ்சள் அவர்களுக்கு மட்டமாகத் தெரிந்தது. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2019இல் இதை வெளியே கொண்டுவந்தார்கள். ஜனங்களின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது.

டிரம் ஒன்றுதான். உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவந்தால் மெருகு, இல்லாததை மேலே பூசினால் கலப்படம். பயணப் படத்துக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். சாய்ந்த அடிவானத்தை நிமிர்த்துவது, நிழலில் புதைந்த முகத்தை எடுப்பது, வெண்சமனைச் சரி செய்வது, லென்ஸில் ஒட்டிய தூசிப் புள்ளியைத் துடைப்பது எல்லாம் மெருகு. கொல்லிமலை மேல் சுவிட்சர்லாந்து வானத்தை ஒட்டுவது, கோடையில் நூலாக விழும் அருவியை ஐப்பசி அருவியாக்குவது, பொட்டல் சரிவைப் பச்சையாக்குவது மற்றது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டியிருக்கிறார்கள். அந்தக் காயம் எந்த வருசம் எவ்வளவு இருந்தது, எப்போது செடி மூடியது என்று நாளைக்கு ஒருவர் தேடினால், அவருக்குக் கிடைக்கப்போவது நம் டூர் படங்கள்தான். அரசாங்கம் எல்லாச் சரிவுக்கும் ஒரு டிரைப்பை அனுப்பப் போவதில்லை. அந்தப் படத்தில் நாம் "அழகுக்காக" பச்சை ஏற்றியிருந்தால், சாட்சியைக் கலைத்துவிட்டோம்.

ஈயக் குரோமேட் கதையில் இன்னொரு பாடம், கண் பழகிவிடுவது. பளீர் நீலம், பளீர் பச்சை மட்டுமே பார்த்த பிள்ளை நேரில் மலைக்கு வந்து, "போட்டோல பாத்த மாதிரி இல்லையேப்பா" என்கிறது. சாயம் தடவாத மலை அதற்கு மட்டமாகத் தெரிகிறது. மட்டமாகத் தெரிகிற மலையைக் காப்பாற்ற யாருக்கு மனசு வரும்?

படுதா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆகாயத்தில் பறக்கிற அட்டை விமானம் எனக்கும் பிடிக்கும். படுதா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

*

டிரைப்பின் விசயத்தில் ஒரு அதிர்ஷ்டம் நடந்தது. 2014, 2015இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் மூன்று ஊர்களிலும் அவருடைய படங்களைப் பெரிய கண்காட்சியாக வைத்தார்கள். அதற்காக ஆராய்ந்தவர்கள் எது வெளிச்சம் எழுதியது, எது டிரைப் எழுதியது என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. எஞ்சியிருக்கும் காகித நெகட்டிவ்களைத் திருப்பினால் போதும், முதுகில் மை அப்படியே இருக்கிறது. மேகத்தின் ஒவ்வொரு ஓரத்தையும் தொட்ட இடம் தெரிகிறது. அதை நீக்கிப் பார்த்தால் அன்றைய மொட்டை வானம் அடியில் இருக்கிறது.  அவர் வரைந்த மேகம் 160 வருசம் கழித்து யாரையும் கெடுக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான், அதன் கீழே மூலம் பத்திரமாக இருந்தது.

நம் கைபேசியில் "சேமி" என்று தட்டினால் பலசமயம் பழையதன் மேலேயே புதியது ஏறிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எடுத்த தேதி, இடம் எல்லாம் உதிர்ந்துவிடுகிறது. முதுகே இல்லாத நெகட்டிவ். இதற்கு வைத்தியம் சிரமமில்லை. திருத்தும்போது "பிரதியாகச் சேமி" என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுக்கலாம். முடிந்தால் 'ரா' கோப்பை ஒரு ஓரத்தில் போட்டு வைக்கலாம். லைட்ரூம் மாதிரியான மென்பொருள்கள் மூலத்தைத் தொடாமல், செய்த திருத்தங்களை மட்டும் தனியாகக் குறித்து வைக்கின்றன, டிரைப் பின்பக்கத்தில் வரைந்தது போலவே. வானத்தை மாற்றியிருந்தால் படத்தின் கீழே "வானம் ஒட்டியது" என்று இரண்டு வார்த்தை எழுதினால் கௌரவம் குறைந்துவிடாது. தேதியையும் ஊரையும் எழுதி, மூலப் படத்தை இன்னொரு இடத்திலும் சேர்த்து வைத்துவிட்டு, அப்புறம் எத்தனை மேகம் வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம்.